பழைய டீசல் காருக்குப் பதிலாக இன்னொரு டீசல் கார்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் 2011 முதல் 2013 வரை டீசல் கார் வாங்கியவர்கள் ஏராளம். அந்த வண்டிகளுக்கு இப்போது ஒவ்வொன்றாகப் பதினைந்து ஆண்டு நிறைந்து, ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டிய நாள் வந்துகொண்டிருக்கிறது. தினமும் வேலைக்கு ஓடி, மீட்டரில் இரண்டு லட்சம், மூன்று லட்சம் கிலோமீட்டர் காட்டும் இவற்றை என்ன செய்வது என்ற பேச்சு அஸ்தம்பட்டியிலிருந்து கொண்டலாம்பட்டி வரை எந்த ஒர்க்ஷாப்பில் போய் நின்றாலும் காதில் விழுகிறது. பேசுகிறவர்களில் பெரும்பாலோர், மாற்றுவதென்றால் மறுபடியும் டீசல்தான் என்று முதலிலேயே முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள். அந்த முடிவைப் பற்றித்தான் இக்கடிதம்.

அன்றைக்கு நாம் டீசலை நாடியதற்கு ஒரே காரணம் விலைதான். 2010 ஜூன் மாதம் பெட்ரோல் மீதான விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு நீக்கியது. டீசல் மீதான கட்டுப்பாடு நீடித்தது. 2012 மே மாதம் பெட்ரோல் விலை ஒரேயடியாக ஏறியபோது இரண்டுக்கும் இடையில் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. அப்போது டீசல் கார் வாங்காதவரைத்தான் விவரம் தெரியாதவர் என்று ஊர் சொன்னது. 2014 அக்டோபரில் டீசலுக்கும் கட்டுப்பாடு போனது. இப்போது சில ஆண்டுகளாகவே அந்த வித்தியாசம் 10 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. காரணம் கரைந்துபோன பிறகும் பழக்கம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

எதற்கு மாற்றுவது என்று பார்க்கும் முன், விற்றே தீரவேண்டும் என்ற அவசரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ரோட்டில் ஓடக்கூடாதாம் என்று தரகர்கள் சொல்வதைக் கேட்டு, நல்ல நிலையில் இருக்கும் வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்து 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த அந்த ஆணை, தில்லியையும் அதைச் சுற்றியுள்ள தேசியத் தலைநகர் மண்டலத்தையும் மட்டுமே சார்ந்தது. அங்கும்கூட, வயதை மட்டும் காரணமாக்கிக் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது; அதே ஆண்டு டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ். 4 மற்றும் அதற்குப் பிந்தைய புகை விதிகளின்படி செய்த வண்டிகளுக்கு மட்டும் என்று குறுக்கியது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் கார் பதினைந்து ஆண்டு முடிந்ததும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சோதனைக்குப் போய், 5,000 ரூபாய் கட்டணத்தையும் பசுமை வரியையும் கட்டினால், மேலும் ஐந்து ஆண்டுக்கு ஆர்.சி. கிடைக்கும். இருபது ஆண்டு தாண்டிய காருக்குத்தான் அந்தக் கட்டணத்தை 2025இல் 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள்.

ஆகவே எஃப்.சி. தேதியைக் கண்டு பயப்படத் தேவையில்லை. வண்டியின் நிலையைத்தான் பார்க்க வேண்டும். அக்காலத்துச் சிறிய கார்கள் பலவற்றில் இருந்த, ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் ஒழுங்காக ஆயில் மாற்றி வந்தால் மூன்று லட்சத்தைச் சாதாரணமாகத் தாண்டும். கிலோமீட்டர் எண்ணிக்கையைவிட நம்பகமான சோதனை ஒன்றை எந்த மெக்கானிக்கும் செய்து காட்டுவார். இன்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வாயின்மேல் கவிழ்த்து வைப்பார்; மூடி அசையாமல் லேசாக ஆவி மட்டும் வந்தால் கவலையில்லை, மூடி தடதடவென்று துள்ளிப் புகை விட்டுவிட்டுக் குப்பென்று வெளியே அடித்தால், அவர்கள் மொழியில் பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து, எரிந்த வாயு கீழே இறங்குகிறது என்று பொருள். அந்த நிலைக்கு வந்த வண்டிக்கு, காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவும் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் சேர்ந்து செலவு வைக்கும் நாள் தொலைவில் இல்லை. ஓராண்டுச் செலவு வண்டியின் இன்றைய விற்பனை விலையில் பாதியைத் தொடுமானால் விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

ஏற்காடு போய்வருகிறவர்களுக்கு இன்ஜினைவிடப் பிரேக் முக்கியம். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும் பாதை அது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்ட ஆயில் நீண்ட இறக்கத்தின் சூட்டில் கொதித்துவிட்டால், மிதித்த பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். இரண்டாவது கியரில் இறங்காமல் பிரேக்கை மட்டும் நம்பி வருகிறவர்களின் லைனிங் கருகும் வாடை அடிவாரத்து டீக்கடை வரை வரும். அடித்தட்டில் துருவேறியிருக்கும் பழைய வண்டியை மலைப்பாதைக்குத் தினமும் எடுத்துச் செல்வதை, இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும், என்னால் ஏற்க முடியாது.

சரி, மாற்றுவதென்றே முடிவானால் எதற்கு மாற்றுவது? கன்னங்குறிச்சியில் குடியிருந்து செவ்வாய்ப்பேட்டையிலோ சூரமங்கலத்திலோ வேலை பார்ப்பவர் புது டீசல் கார் வாங்குவது வம்பை விலைக்கு வாங்குவதாகும். 2020 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிகளால், இப்போதைய டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. வண்டி ஓரளவு வேகத்தில் தொடர்ந்து ஓடிக் குழாய் நன்றாகச் சூடேறினால்தான் அதில் தேங்கிய கரி எரிந்து தீரும். ஐந்து ரோட்டில் நின்று, நான்கு ரோட்டில் நின்று, இன்ஜின் சூடேறும் முன்பே வீட்டுக்குத் திரும்பிவிடும் வண்டியில் கரி சேர்ந்துகொண்டே போய் எச்சரிக்கை விளக்கு எரியும். பழைய வண்டியில் இந்தத் தொல்லையே இல்லாததால் நம்மில் பலருக்கு இது புதுச் செய்தி.

பணக்கணக்கும் சாதகமாக இல்லை. டீசல் லிட்டருக்கு 20 கிலோமீட்டரும் பெட்ரோல் 17 கிலோமீட்டரும் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு மிச்சம் ஒன்றேகால் ரூபாய் அளவில்தான் வரும். தினமும் 30 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ஆண்டுக்கு 14,000 ரூபாய்கூட மிஞ்சாது. டீசல் மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலை ஒரு லட்சம் என்றாலே அதை எடுக்க ஏழு ஆண்டு ஆகும். இதில் மாநில வரியும் சேர்ந்துகொள்கிறது. 2023 நவம்பரில் திருத்திய விகிதப்படி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். பெட்ரோல் மாடல் 9,90,000 ரூபாய்க்கு இருந்து, அதே காரின் டீசல் மாடல் எல்லையைத் தாண்டிப் போனால், வரியில் மட்டும் அரை லட்சத்துக்கு மேல் கூடிவிடும். விற்பனையாளர் விலைப்பட்டியலைக் காட்டும்போது இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

சங்ககிரி, நாமக்கல், தருமபுரி என்று தினமும் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களுக்கு டீசல் இன்னமும் பொருந்தும். வடிகட்டியும் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும், மிச்சமும் கைக்கு வரும். ஆனால் அன்று வாங்கியதுபோன்ற சிறிய டீசல் கார்கள் சந்தையில் அநேகமாக இல்லை. மாருதி சுசுகி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது. மிஞ்சியவற்றில் பெரும்பாலானவை உயரமான, விலையும் கூடிய வண்டிகள்.

மலைக்குத் தினமும் ஏறுகிறவர்களின் நிலை தனி. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின், மேலே போகப்போகக் காற்று அடர்த்தி குறைவதால், ஏற்காட்டை எட்டும்போது தன் இழுவையில் பத்தில் ஒரு பங்கையாவது இழந்துவிடும். ஆள் நிறைந்த வண்டியில் அது நன்றாகவே தெரியும். டர்போ பொருத்திய பெட்ரோல் இன்ஜினுக்கு அந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. மின்சாரக் காருக்கு அது அறவே இல்லை. ஒன்றரை டன் எடையுள்ள மின்சாரக் கார் அந்த உயரத்தை எட்டுவதற்கென்றே ஏறத்தாழ 5 யூனிட் மின்சாரம் கூடுதலாகக் கேட்கும். இறங்கும்போது மோட்டாரே பிரேக்காக வேலைசெய்து அதில் கணிசமான பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பித்தரும், லைனிங்கும் தேயாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஏற்காட்டிலேயே நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கக் கூடாது. நிறைந்த பேட்டரியில் மேலும் மின்சாரம் போக இடமில்லாததால், மோட்டார் பிரேக் கைவிட்டு, சாதாரணப் பிரேக்கையே நம்பி வரவேண்டியிருக்கும்.

பழைய வண்டியைக் கைமாற்றும்போது பெயர் மாற்றம் முடிந்ததா என்று பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. ஆர்.சி.யில் பெயர் இருக்கும்வரை, வேறொருவர் ஓட்டி விபத்து நடந்தாலும் இழப்பீட்டுப் பொறுப்பு நம்மையே தேடிவரும். உடைக்கக் கொடுப்பதென்றால் பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்காமல், பதிவுபெற்ற வாகனம் உடைக்கும் மையத்தில் ஒப்படைத்து வைப்புச் சான்றிதழ் வாங்கினால், புது வண்டியின் பதிவுக் கட்டணத்தில் சலுகை பெற வழியிருக்கிறது. இந்த விவரங்களையும், புதுப்பித்தலுக்கு ஆகும் மொத்தச் செலவையும், பத்தாண்டுத் தடை தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்பதையும் சேலத்தின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் தமிழில் பெரிய பலகையாக எழுதி வாசலிலேயே வைக்குமாறு, தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கன்னங்குறிச்சி, சேலம்.