மருத்துவரா, துப்பறிவாளரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிறப்புறுப்பில் ஹெர்பிஸ் என்னும் கொப்புளத் தொற்று வந்திருப்பதாக எழுதிய பெண்ணுக்குச் சென்ற இதழின் மருத்துவப் பகுதியில், "முதலில் உங்கள் கணவரின் நடத்தையைக் கவனியுங்கள்" என்று பதில் வந்திருக்கிறது. மருத்துவரிடம் கேட்ட கேள்விக்குத் துப்பறிவாளர் பதில் சொல்லியிருக்கிறார்.

உங்களுக்குத் தெரியாததல்ல. இந்தக் கிருமி நுழைந்துவிட்டால் நரம்பு முடிச்சுகளில் ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். பலருக்கு ஒரு கொப்புளம்கூட எழாது. யாரிடமிருந்து, எந்த ஆண்டில் வந்தது என்று புண்ணைப் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 15 முதல் 49 வயது வரையிலானவர்களில் ஏறக்குறைய 13 சதவீதம் பேரிடம் இதன் இரண்டாம் வகை, அதாவது பெரும்பாலும் பிறப்புறுப்பில் வரும் வகை, இருக்கிறது. அத்தனை பேரின் நடத்தையையும் கவனிக்க உங்கள் மருத்துவருக்கு நேரம் இருந்தால் மகிழ்ச்சி.

எனக்கு இது திருமணமான ஒன்பதாம் ஆண்டில் வந்தது. நான் பார்த்த மருத்துவர் அரை நிமிடம் புண்ணைப் பார்த்தார். பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கலாம். அதை விட்டுவிட்டு ரத்தப் பரிசோதனை எழுதினார், அதிலும் ஐஜிஎம் என்னும் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை. அது வகையையும் சரியாகப் பிரிக்காது, தொற்று புதிதா பழையதா என்றும் நம்பும்படி சொல்லாது என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். 'பாசிட்டிவ்' என்ற ஒரே சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து மாதம் என் கணவரை என்னவெல்லாம் கேட்டேன் என்பதை இங்கே எழுதக் கை வரவில்லை. அவர் ஒருநாள்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. மறுபடி கொப்புளம் எழுந்தபோது வேறொரு மருத்துவர் அன்றே மாதிரி எடுத்து பிசிஆர் சோதனைக்கு அனுப்பினார். முதல் வகை. பெரும்பாலும் உதட்டுக் கொப்புளத்தை உண்டாக்கும் வகை. என் கணவருக்குச் சிறு வயது முதலே காய்ச்சல் வந்தால் உதட்டில் கொப்புளம் எழும். வழியை நான் விளக்க வேண்டியதில்லை, உங்கள் மருத்துவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருக்க வேண்டும்.

முன்பு ஒருமுறை, அம்மைக் கிருமியால் வரும் அக்கியையும் இதையும் ஒன்றென்று நீங்கள் அச்சிட்டபோதும் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. பால்வினை நோய் பற்றி எப்போது எழுதினாலும் முகத்தை மூடிக்கொண்டு அழும் பெண்ணின் படம்தான் போடுகிறீர்கள். ஆண்களுக்கு முகமே கிடையாதா? போதாக்குறைக்கு, சென்ற இதழில் அந்தப் பதிலுக்கு எதிர்ப்பக்கத்திலேயே "ஹெர்பிஸ் நிரந்தரமாகக் குணமாகும்" என்று விளம்பரம். அசைக்ளோவிர் போன்ற மாத்திரைகள் புண்ணை விரைவில் ஆற்றும், மீண்டும் வருவதைக் குறைக்கும். கிருமியை வெளியேற்றும் மருந்து இன்று வரை இல்லை. இது உங்கள் விளம்பரப் பிரிவைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும்.

நான் கேட்பது நான்கு வரிதான். புண் இருந்தால் அது காய்வதற்குள், கூடுமானால் முதல் இரண்டு நாளிலேயே, அதிலிருந்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். புண் இல்லாதபோது ரத்தம் சோதிப்பதானால் வகை பிரித்துக் காட்டும், ஐஜிஜி என்னும் வேறொரு எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை; அதையும் தொற்றியிருக்கலாம் என்று நினைக்கும் நாளிலிருந்து 12 வாரம் கழித்து. அளவு குறைவாகக் காட்டும் 'பாசிட்டிவ்' பொய்யாகவும் இருக்கலாம், மறுசோதனை வேண்டும். கர்ப்பிணிகள் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது, பிரசவ நேரத்தில் குழந்தைக்குத் தொற்றலாம்.

அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வெளியிடுங்கள். என் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம். உங்கள் மருத்துவர் என் கணவரையும் கவனிக்கத் தொடங்கிவிடுவார்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி