மூலை வெட்டிய அட்டை

ஜெர்சி சிட்டி,
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

பார்சல் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. வெளியே கடுங்குளிர் என்பதால் ஒரு நாள் முழுக்க ஹால் மேஜையிலேயே வைத்திருந்தேன். சில்லிட்டுக் கிடக்கும் ரெக்கார்டை வந்ததும் வராததுமாகத் தொடக் கூடாது. வெள்ளிக்கிழமை ராத்திரிதான் பெட்டியைத் திறந்தேன். அமெரிக்க ராக் பாடகர் ஜோப்ரயத்தின் முதல் ஆல்பம், எலெக்ட்ரா கம்பெனி வெளியீடு, 1973. மேலே சுற்றிய பிளாஸ்டிக்கூடப் பிரியாமல், நான்கு மூலையும் அப்படியே! எத்தனை நாள் தேடினாயோ. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் காபி போடப் போய்விட்டாள்.

கூட வைத்திருந்த சீட்டில், "இனிமே அந்தக் கிழிஞ்சதைத் தூக்கிப் போட்டுடுங்கப்பா" என்று எழுதியிருக்கிறாய். என்னிடம் இருக்கும் இதே ஆல்பத்தின் பழைய ரெக்கார்டைத்தான் சொல்கிறாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அது கிழிந்ததில்லை கண்ணு, வெட்டியது. நாலு வயதில் நீ அந்த மூலையைத் தடவிப் பார்த்து, "எலி கடிச்சிடுச்சா?" என்று கேட்டாய். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விற்காமல் தேங்கிய ரெக்கார்டுகளைக் கம்பெனிக்காரர்கள் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அப்படி வாங்கிய கடைக்காரர் அதையே திருப்பி அனுப்பி முழுக் காசு கேட்டுவிடக் கூடாதே என்று அட்டையில் அடையாளம் வைப்பார்கள். மூலையை நறுக்குவார்கள், துளை போடுவார்கள், விளிம்பில் ரம்பத்தால் ஒரு இழுப்பு இழுப்பார்கள். அந்த வியாபாரத்தில் இதற்குப் பெயர் கட் அவுட்.

1991 குளிர்காலத்தில், மன்ஹாட்டனில் ஒரு கடையின் நிலவறையில், "கட் அவுட், அதனால் இரண்டு டாலர்" என்று கடைக்காரர் சொன்னபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மெட்ராஸில் வளர்ந்தவனுக்குக் கட் அவுட் என்றால் மவுண்ட் ரோடு. உடம்பைத் துண்டு துண்டாக ஏற்றிக் கட்டி, முகத்தைக் கடைசியில் கயிறு போட்டு மேலே இழுப்பார்கள். அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதில் ஸ்கூல் பஸ்ஸையே விட்டிருக்கிறேன். படம் தியேட்டரை விட்டுப் போனதும் இறக்கி, அந்த முகத்தின் மேலேயே வெள்ளையடித்து அடுத்த முகத்தை வரைவார்கள்.

அட்டையில் இடுப்புக்குக் கீழே சிலைபோல உடைந்து சிதறிக் கிடக்கிறாரே, இவர் யார் என்று கேட்டேன். கடைக்காரர் சொன்ன கதையில் என் ஊர்க் கட் அவுட்டும் வந்தது. 1973இல் இந்த மனிதருக்கு டைம்ஸ் ஸ்கொயரில் நாற்பது அடிக்குப் பேனர். நியூயார்க் பஸ்களில் எல்லாம் இதே படம். பாரிஸ் ஆப்பெராவில்தான் அரங்கேற்றம் என்று மேனேஜர் ஜெர்ரி பிராண்ட் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அது நடக்கவே இல்லை. 1974இல் இரண்டாவது ஆல்பம் வந்தது. அதுவும் போகவில்லை. 1975 பிறந்ததும் ராக் உலகத்துக்கே முழுக்குப் போட்டுவிட்டார்.

பாட்டு சரியில்லை என்று தோற்றிருந்தால் நான் இத்தனை வருஷம் இதைக் கட்டிக் காத்திருக்க மாட்டேன். பாட்டைக் கேட்பதற்கு முன்பே ஜனங்களுக்கு விளம்பரம் திகட்டிவிட்டது. கூடவே, தான் ஆண்களை விரும்புகிற ஆண் என்று அவர் எந்தப் பூச்சும் இல்லாமல் சொன்னார். பெரிய கம்பெனியில் சேர்ந்த ராக் பாடகர்களில் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான் என்கிறார்கள். மினுமினுப்பும் மையும் பூசி ஆடியவர்கள் அப்போது நிறையப் பேர். அதை வேஷம் என்று நினைத்துக் கைதட்டியவர்களுக்கு, வேஷம் இல்லை என்று ஒருவர் சொன்னது பொறுக்கவில்லை. பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியின் நகல் என்று ஒதுக்கியதும் அநியாயம். அந்தப் பியானோவைக் கேள், அந்த விரல் யாருடைய நகலும் கிடையாது.

பிறகு நியூயார்க்கின் செல்சீ ஹோட்டலின் மொட்டைமாடி வீட்டில் இருந்துகொண்டு, கோல் பெர்லின் என்று வேறு பெயரில் சின்ன விடுதிகளில் பியானோ வாசித்திருக்கிறார். 1983 ஆகஸ்டில் எய்ட்ஸ் அவரைக் கொண்டுபோனது. வயது 36. 1992இல் பிரிட்டிஷ் பாடகர் மோரிஸ்ஸி தன் சுற்றுப்பயணத்தில் பாட இவரைத் தேடியிருக்கிறார். இறந்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்ததாம். 2004இல் இவர் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டதும் மோரிஸ்ஸிதான்.

அந்த ரெக்கார்டை வாங்கியபோது என்னிடம் பிளேயரே கிடையாது. மூன்று மாதம் காசு சேர்த்து ஒன்று வாங்கி, நான்கு பேர் தங்கிய அறையில் ஹெட்போன் போட்டுக் கேட்டேன். அதனால் வெட்டுப்பட்ட அட்டை அலமாரியிலேயே இருக்கட்டும். அவரை ஊர் என்ன செய்தது என்பது அந்த மூலையில் இருக்கிறது. எனக்குப் பிறகு நீ விற்பதானாலும் இரண்டையும் சேர்த்தே விற்க வேண்டும்.

நீ அனுப்பியதை இன்னும் பிரிக்கவில்லை. ரெக்கார்டு சேர்ப்பவர்கள் பிரிக்கவே கூடாது என்பார்கள். நான் பிரிக்கப்போகிறேன், கிறிஸ்துமஸ் லீவுக்கு நீ வந்ததும். பழையதில் இரண்டாம் பக்கம் 'இன்சைட்' பாட்டின் நடுவே டக்கென்று ஒரு சத்தம் வரும். முப்பது வருஷமாக அந்த டக்கோடு சேர்த்துத்தான் எனக்கு அந்தப் பாட்டு. அது இல்லாமல் எப்படி இருக்கும் என்று உன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். புது ஊசி வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா