அரசு தர வேண்டிய பாக்கியை மாணவன் பெயரில் எழுதாதீர்கள்

தமிழ்நாட்டின் சுயநிதிப் பொறியியல் கல்லூரித் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் வணக்கம்.

பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அரசு தரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் படித்து, கல்லூரி விடுதியில் தங்கி, பட்டம் வாங்கி, இன்று மாதச் சம்பளக்காரனாக இருக்கும் ஒருவன் எழுதுகிறேன். நான் படித்த கல்லூரியின் பெயர் இந்த மடலில் வராது. ஒரு கல்லூரியைப் பற்றிப் புகார் சொல்ல வேறு இடங்கள் உண்டு. இது உங்கள் எல்லோரிடமும் கேட்பது.

2012 செப்டம்பரில் வந்த அரசாணை எண் 92 உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் வீட்டுப் பிள்ளைகள் சுயநிதிக் கல்லூரிகளில் சேர்ந்தால், நிர்ணயித்த கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற ஆணை. அதை நம்பித்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கவுன்சலிங்கில் துணிந்து உங்கள் கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சேர்க்கைக் காலத்தில் ஊருக்குள் வந்த கல்லூரி ஆட்களும் திண்ணையில் உட்கார்ந்து அதைத்தான் சொன்னார்கள்: "ஃபீஸ் பத்திக் கவலையே படாதீங்கம்மா, எல்லாம் கவர்மென்ட் கட்டிடும்." மூன்றாவது செமஸ்டரில் அதே கல்லூரியின் கேஷ் கவுண்டரில் பேச்சு மாறிவிடுகிறது. "கவர்மென்ட்ல இருந்து இன்னும் வரலைப்பா. நீ கட்டிடு, வந்ததும் திருப்பித் தர்றோம்."

பணம் தாமதமாக வருவது பொய்யில்லை. ஆதிதிராவிடர் மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகே மத்திய பங்கு நகரும். 2021 நெறிமுறைகளுக்குப் பின் மத்திய பங்கு நேரே மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஆதாரில் ஒரு எழுத்து பிசகினாலும், கணக்கு செயல்படாமல் கிடந்தாலும் அங்கேயே நின்றுவிடும். ஒழுங்காக வந்து சேர்ந்தாலும் வேறொரு சிக்கல் இருக்கிறது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கும் வீட்டில், மொத்தமாக வந்து விழுகிற பணம் கல்லூரிக்குப் போகும் முன்பே கரைந்துவிடுவதுண்டு. அதை நான் மறைக்கப் போவதில்லை. அது அந்த மாணவன் கட்ட வேண்டிய பணம்தான். ஆனால் வந்து செலவான பணத்தையும், வராத பணத்தையும் ஒரே வரியில் "பாக்கி" என்று எழுதுகிறீர்களே, என் சண்டை அதோடுதான்.

அப்படி எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டும் பாக்கிப் பட்டியல் விடுதிக்குள் என்ன செய்கிறது என்று அட்மின் பிளாக்கிலிருந்து பார்த்தால் தெரியாது. பட்டியலில் பெயர் உள்ளவன் மெஸ் கமிட்டிக்கு நிற்க மாட்டான். சாம்பாரில் பல்லி கிடந்தாலும் முதலில் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்பவன், பாக்கி இல்லாத வீட்டுப் பையனாகத்தான் இருப்பான். தொழிற்சாலை பார்க்கும் ஐ.வி. பயணம் போகவில்லையா என்று கேட்டால் இவனுக்குத் தலைவலி வந்துவிடும். ஹால் டிக்கெட் கொடுக்கும் வாரத்தில் காப்பாளர் எதிரே வந்தால் மாடிப்படி ஏறி வேறு வழியாகப் போவான். பொறியியல் படிப்பில் விடுதி மாணவருக்கு மத்தியத் திட்டத்தில் கிடைக்கும் படி ஆண்டுக்கு 13,500 ரூபாய், மாதத்துக்கு 1,125. உங்கள் விடுதியின் மெஸ் பில்லை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் எங்களுக்கு அந்த விடுதி பெரிய கொடை. வகுப்பறையில் புரியாத கணக்கை இரவு பன்னிரண்டு மணிக்கு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவன் எதிர் அறைக்காரன். லேப்டாப்பை முறை போட்டு வாங்கிக்கொண்டோம். கேம்பஸ் இன்டர்வியூ நாளில் எங்கள் தளத்தில் ஒரே ஒரு ஜோடி கறுப்பு ஷூ நாலைந்து பேர் காலில் ஏறி இறங்கியது. அளவு சரியில்லாதவன் முனையில் பேப்பரைத் திணித்துக்கொண்டான். ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து போயிருந்தால் எனக்கு வேலை கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

வேலை கிடைத்த பிறகு நடப்பதுதான் கொடுமை. கல்லூரி வாசலில் பிளேஸ்மென்ட் ஃபிளெக்ஸில் அவன் படம் சிரிக்கும். உள்ளே லாக்கரில் பாக்கிக்காக அவன் டி.சி.யும் மதிப்பெண் சான்றிதழும் பூட்டிக் கிடக்கும். கம்பெனியோ சேரும் நாளில் அசல் வேண்டும் என்கிறது. அம்மா தோட்டை அடகு வைப்பார், இல்லையென்றால் மீட்டர் வட்டி. முதல் வருடச் சம்பளத்தில் பெரும்பகுதி அந்த வட்டிக்கே போகும். பணம் புரட்ட முடியாதவன் ஆஃபர் லெட்டரைப் பெட்டியில் வைத்துவிட்டு, பிளஸ் டூ சான்றிதழே போதும் என்கிற வேலைக்குப் போவான். இதைப் பார்க்கிற வீட்டில் தங்கச்சியை விடுதியில் சேர்க்கும் பேச்சே எழாது.

சட்டம் உங்கள் பக்கம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018லேயே அறிவித்துவிட்டது. அடகுப் பொருளாகப் பிடித்துவைக்கச் சான்றிதழ் விற்பனைச் சரக்கு அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆனால் இருபத்திரண்டு வயதுப் பையன் எந்த வக்கீலைத் தேடிப் போவான்?

1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் போன அம்பேத்கர், ஒப்பந்தப்படி வேலை செய்ய 1917இல் பரோடா திரும்பியபோது தங்க அறை கிடைக்காமல் ஒரு பார்சி விடுதியில் சாதியை மறைத்துத் தங்கினார், அங்கிருந்தும் விரட்டப்பட்டார். படிப்புக்குப் பணம் கொடுத்த சமஸ்தானத்தால் அவருக்கு ஒரு கட்டில் கொடுக்க முடியவில்லை. உதவித்தொகை கணக்கில் ஏறியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் அதிகாரிகளுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

உங்களுக்கும் நெருக்கடி உண்டு. ஆசிரியர் சம்பளம், கரன்ட் பில், பேருந்துக்கு டீசல் எதுவும் அரசாணைக்காகக் காத்திருக்காது. ஆதிதிராவிடர் நலத் துறையோடு சண்டை போட உங்களுக்குச் சங்கங்கள் இருக்கின்றன, வக்கீல்கள் இருக்கிறார்கள். அங்கே போடுங்கள், வேண்டுமானால் பழைய மாணவர்கள் நாங்களும் கூட வந்து நிற்கிறோம்.

செலவில்லாத ஒரு காரியம் கேட்கிறேன். பாக்கி இல்லை என்று நீங்கள் தரும் நோ டியூ படிவத்தில் இன்னொரு கட்டம் சேருங்கள். ஒன்றில் மாணவர் தர வேண்டியது, மற்றொன்றில் அரசு தர வேண்டியது. முதல் கட்டம் சுழியமானால் அன்றே சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது கட்டத்தின் கூட்டுத்தொகையை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கு மாதாமாதம் கடிதமாக அனுப்பி, அதன் நகலை விடுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். இப்போது அங்கே ஒட்டியிருக்கும் பட்டியலைக் கிழித்துவிட்டு ஒட்டினால் இடமும் போதும்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் விடுதி மாணவன்