மீட்டருக்கு அனுமதி இல்லையாம்: ஆசிக் எந்திரம் விற்கவிருக்கும் புதிய நிறுவனத்தின் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கு,

வணக்கம். உங்கள் புதிய ஆசிக்கின், அதாவது ஓயாமல் கணக்குப் போட்டுப் பிட்காயின் ஈட்டும் மைனிங் வேலைக்கென்றே செய்த சிப்கள் கொண்ட எந்திரத்தின், செயல்விளக்கத்துக்கு அழைப்பு அனுப்பியிருக்கிறீர்கள், நன்றி. அதிலுள்ள நான்காவது வரியையும் படித்தோம்: "வருகையாளர்கள் சொந்த அளவீட்டுக் கருவிகளைக் கொண்டுவர வேண்டாம்." கூடவே, 60 விழுக்காடு முன்பணத்தை ஏழு நாளுக்குள் யுஎஸ்டிடியாக (டாலர் மதிப்பையொட்டிய கிரிப்டோ நாணயம்) அனுப்பச் சொல்லும் படிவமும் வந்திருக்கிறது. அரிசி மண்டியில்கூட நாலு அரிசியைக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் மூட்டைக்கு விலை பேசுகிறோம். மூன்று கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும் எந்திரத்துக்கு மீட்டர் வைத்துப் பார்க்கக் கூடாது என்கிறீர்கள்.

கேட்பது ஒன்றுதான். வாடிக்கையாளருக்கு அனுப்ப அடுக்கிவைத்திருக்கும் பெட்டிகளில் ஒன்றை நாங்களே கைகாட்டி எடுக்கிறோம். அதை எங்கள் மீட்டரில், எங்கள் பூல் கணக்கில் (பூல் என்பது பலர் கூடி மைனிங் செய்து வரவைப் பகிரும் சேவை), 72 மணி நேரம் ஓட்டிப் பார்க்க விடுங்கள். அது முடியும்வரை முன்பணம் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மூன்றாம் ஆளிடம் இருக்கட்டும்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்றால், உங்கள் விவரத்தாளில் உள்ள ஒரு நட்சத்திரக் குறிதான் காரணம். நொடிக்கு 200 டெராஹாஷ் (ஒரு டெராஹாஷ் லட்சம் கோடி ஹாஷ் கணக்கு), டெராஹாஷுக்கு 15 ஜூல் மின்சாரம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். 15இன் மேல் ஒரு சிறு நட்சத்திரம். தாளின் அடியில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், "சிப் அளவில், 25 டிகிரியில்". மின்வாரியம் சிப்பில் மீட்டர் வைப்பதில்லை. சுவரில்தான் வைக்கிறது.

கணக்கைப் போடுவோம். 200ஐ 15ஆல் பெருக்கினால் 3,000 வாட். இதை சிப் தின்கிறது. பவர் சப்ளை 94 விழுக்காடு திறனுள்ளது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் சுவரில் சுமார் 3,190 ஆகிவிடும். நான்கு விசிறிகளும் கன்ட்ரோல் போர்டும் சேர்ந்து இன்னும் நூற்றைம்பது வாட் கேட்கும். ஆக 3,350 வாட், அதாவது 16.75 ஜூல். இது குளிரூட்டிய அறைக் கணக்கு. உள்ளே போகும் காற்று 38 டிகிரியாக இருந்தால் சிப்பின் கசிவு மின்னோட்டம் கூடும், விசிறி வேகமெடுக்கும், வேகம் ஒன்றரை மடங்கானால் விசிறி தின்னும் மின்சாரம் மூன்று மடங்கையும் தாண்டும், ஏனென்றால் அது வேகத்தின் கனத்தில் ஏறுகிறது. 3,500 வாட்டில் போய் நின்றால் 17.5 ஜூல்.

தாளின் 3,000க்கும் இந்த 3,500க்கும் நடுவே உள்ள 500 வாட்டில் என்ன இருக்கிறது என்று உங்கள் விற்பனைப் பிரிவு கேட்கலாம். நாளுக்கு 12 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 96 ரூபாய். வருடத்துக்கு ஓர் எந்திரத்துக்கு 35,000 ரூபாய். பத்து எந்திரம் வாங்குபவருக்கு மூன்றரை லட்சம், நட்சத்திரக் குறியின் விலையாக.

வரவு பக்கம் இதைத் தாங்குமா? மைனிங் பரிசு பாதியாகக் குறைந்த 2024 ஏப்ரல் 20 பாதியாக்கத்துக்குப் பிறகு, பரிவர்த்தனைத் தொகுப்பான ஒரு பிளாக்குக்கு 3.125 பிட்காயின். நாளுக்குச் சராசரி 144 பிளாக், ஆகமொத்தம் 450. உலகம் முழுவதும் 1,000 எக்ஸாஹாஷ் (ஓர் எக்ஸாஹாஷ் பத்து லட்சம் டெராஹாஷ்) ஓடுகிறது என்று வைத்தால், 200 டெராஹாஷ் எந்திரத்தின் பங்கு நாளுக்கு 9,000 சடோஷி (பத்துக் கோடி சடோஷி ஒரு பிட்காயின்). பரிவர்த்தனைக் கட்டணம் சில்லறை. அதில் பூல் தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். மீதியை அன்றைய விலையால் பெருக்கி, 84 யூனிட்டுக்கான 672 ரூபாயைக் கழித்துப் பாருங்கள். பிறகு உங்கள் தாள் சொல்லும் 72 யூனிட்டுக்கான 576ஐக் கழித்துப் பாருங்கள். விலை இறங்கிய மாதத்தில், எந்திரத்தை ஓட்டுவதா அணைப்பதா என்பதே இந்த 96 ரூபாயில்தான் நிற்கிறது.

இதே 500 வாட் சுவரிலும் தெரியும். 230 வோல்ட்டில் 3,500 வாட் என்றால் 15.2 ஆம்பியர். மாலையில் லைன் 200க்கு இறங்கினால் பவர் சப்ளை அதே வாட்டை எடுக்க 17.5 ஆம்பியர் இழுக்கும். வீட்டில் கீசருக்குப் போட்ட 16 ஆம்பியர் சாக்கெட் அரை மணி நேரக் கீசரைத் தாங்கும். 24 மணி நேரத்தைத் தாங்காது. முதலில் பின் பழுப்பாகும், பிறகு சாக்கெட்டின் துளை ஓரம் இளகும், பிடிப்பு தளர்ந்து இன்னும் சூடேறும். எலக்ட்ரீஷியன் வந்து "யார் சார் இதைப் போட்டது" என்பார். 3,000 வாட் என்ற தாளை நம்பிப் போட்டது என்று அவரிடம் சொல்ல முடியாது. 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனி எம்சிபி, தொழிற்சாலை வகை சாக்கெட் தேவை என்று நீங்கள்தான் தாளில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

அளவிடும் முறையையும் சொல்லிவிடுகிறோம், ஒளிவுமறைவு இல்லை. கிளாம்ப் மீட்டரில் வரும் ஆம்பியரை வோல்டேஜால் பெருக்குவது போதாது. அது விஏ (வோல்ட்-ஆம்பியர்), உண்மையில் செலவாகும் வாட் அல்ல. சாக்கெட்டுக்கும் பவர் சப்ளைக்கும் நடுவே யூனிட் எண்ணும் எனர்ஜி மீட்டர் இருக்கும். தொடக்க யூனிட்டும் முடிவு யூனிட்டும் புகைப்படத்தோடு பதிவாகும். வேலையைக் கணக்கிட எந்திரத்தின் சொந்தத் திரையை நம்பமாட்டோம். திரை சொல்லும் எண்ணை எழுதியவரே எந்திரத்தை விற்கிறார். பூல் ஏற்றுக்கொண்ட ஷேர்கள், அதாவது வேலை செய்ததற்கு எந்திரம் அனுப்பும் சான்று விடைகள்தான் சாட்சி. ஒவ்வொரு ஷேரின் டிஃபிகல்டியையும் (அதற்குப் பூல் வைத்த கடின அளவு) கூட்டி, 2இன் 32ஆம் அடுக்கால் பெருக்கினால் எந்திரம் உண்மையில் செய்த ஹாஷ் எண்ணிக்கை கிடைக்கும். யூனிட்டை 36 லட்சத்தால் பெருக்கினால் ஜூல். இதை டெராஹாஷ் எண்ணிக்கையால் வகுத்தால் விடை.

20 நிமிடச் செயல்விளக்கம் ஏன் பயன்படாது என்பதும் இங்கேதான் இருக்கிறது. ஷேர் கிடைப்பது தற்செயல். எண்ணிக்கை எவ்வளவோ அதன் வர்க்கமூலத்தால் ஒன்றை வகுத்தால் பிழையின் அளவு கிடைக்கும். டிஃபிகல்டியை 2,62,144இல் நிறுத்தினால் 200 டெராஹாஷ் எந்திரம் சராசரியாக 5.6 நொடிக்கு ஒரு ஷேர் தரும். 20 நிமிடத்தில் 213 ஷேர், பிழை 7 விழுக்காடு. அந்த இடைவெளியில் 200 என்பதும் 186 என்பதும் ஒன்றுபோலத்தான் தெரியும். 72 மணி நேரத்தில் 46,000 ஷேர். பிழை அரை விழுக்காட்டுக்குக் கீழே. எனவே 72 மணி நேரம் என்பது நாங்கள் பிகு பண்ணுவதற்காகச் சொன்ன எண் அல்ல.

திரைக்கும் பூலுக்கும் இடையே வித்தியாசம் வந்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. சிப் தவறான விடை கொடுக்கிறது. அதை வன்பொருள் பிழை எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும். இணையத் தாமதத்தால் ஷேர் காலாவதியாகிறது. அதைப் பூலின் நிராகரிப்புப் பட்டியல் சொல்லும். இரண்டும் சுத்தமாக இருந்தும் 2 விழுக்காடு காணவில்லையென்றால், எந்திரத்துக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் யாருக்காகவோ பக்கத்தில் மைனிங் செய்கிறதோ என்ற சந்தேகம் வரும். அதனால் எந்திரத்தின் நெட்வொர்க் வயர் எங்கள் ரூட்டர் வழியாகப் போகும். அது எந்தெந்த முகவரியோடு பேசுகிறது என்று மூன்று நாளும் பதிவாகும். சந்தேகப் பேர்வழிகள் என்று நினைத்துவிடாதீர்கள். 2017 ஏப்ரலில் 'ஆன்ட்பிளீட்' என்ற பின்வாசல் வெளியான போது, உலகின் மிகப்பெரிய உற்பத்தியாளரான பிட்மெயினின் ஃபர்ம்வேரே நிறுவன சர்வரோடு பேசிக்கொண்டிருந்ததும், அங்கிருந்து எந்திரத்தை நிறுத்த முடியும் என்பதும் தெரிந்தது. பெரியவர்கள் வீட்டிலேயே அப்படி.

பெட்டியை நாங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. ஒரே வேஃபரில் (சிப்கள் வெட்டியெடுக்கும் சிலிக்கான் தட்டு) வரும் சிப்கள் ஒரே தரத்தில் இருப்பதில்லை. குறைந்த வோல்டேஜில் ஓடும் நல்ல சிப்களைப் பொறுக்கி ஒரே எந்திரத்தில் அடுக்கினால் எந்த நிறுவனமும் 15 ஜூலைக் காட்டலாம். செயல்விளக்க மேசையில் இருப்பது எல்லா நிறுவனத்திலும் மூத்த பிள்ளைதான். வரப்போவது எப்படி என்று அறியத்தான் குவியலுக்குள் கைவிடக் கேட்கிறோம். குவியலே இன்னும் இல்லையென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். சிப் டேப்-அவுட் ஆகிவிட்டதா, அதாவது வடிவமைப்பு முடிந்து தயாரிப்புக்குப் போய்விட்டதா, எந்த ஃபவுண்டரி (சிப் ஆலை), எத்தனை நானோமீட்டர், வேஃபர் எத்தனை முன்பதிவு? டேப்-அவுட் முடிந்தாலும் முதல் சிப் கைக்கு வர மாதங்கள் ஆகும். வடிவமைப்பிலேயே நிற்கும் சிப்புக்கு டெலிவரி தேதி அச்சடிப்பது ஜாதகம் எழுதுவது போல.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் அரங்கில் ஏசி ஓடும். வாங்குபவர் கொட்டகையில் ஓடாது. 3,500 வாட் சூட்டை, காற்று 15 டிகிரி மட்டுமே ஏறும்படி வெளியேற்ற நிமிடத்துக்கு சுமார் 400 கன அடி காற்று வேண்டும். உள்ளே 40 என்றால் வெளியே 55. அந்த 55 சுற்றி மறுபடி முன்பக்கம் வந்தால் எந்திரம் தானே வேகத்தைக் குறைக்கும். எந்த வெப்பத்தில், எவ்வளவு குறைக்கும் என்ற வரைபடம் தாளில் இல்லை. சோதனையில் முதல் நாள் 25 டிகிரி, அடுத்த இரண்டு நாள் 38 டிகிரி. வெப்பமானி முன்விசிறிக்கு ஒரு சாண் முன்னால் தொங்கும்.

கடைசி நாளில், சூடாக இருக்கும்போதே பத்துத் தடவை மின்சாரத்தை வெட்டிப் போடுவோம். சிப்கள் பதித்த ஹாஷ்போர்டு எல்லாம் ஒவ்வொரு தடவையும் எழ வேண்டும். மின்வெட்டு நம் ஊர் நிஜம். போர்டில் சிப்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருப்பதால் ஒன்று செத்தாலே போர்டு முழுக்கப் படுத்துவிடலாம். சூடேறிக் குளிர்வதில்தான் சால்டர் விரிசல் விடும், ஹீட்சிங்க் ஒட்டு விடும். பிட்மெயினின் ஆன்ட்மைனர் எஸ்17 வரிசையில் ஹீட்சிங்க் கழன்று விழுந்த புகார்களைத் தொழிலில் உள்ள யாரும் மறக்கவில்லை. அது அனுபவசாலி நிறுவனம். உங்களுடையது முதல் எந்திரம்.

முன்பணம் விஷயத்தில் எங்களைக் குறை சொல்லாதீர்கள். இந்தத் தொழிலின் சரித்திரம் அப்படி. அமெரிக்காவின் பட்டர்ஃபிளை லேப்ஸ் 2012இல் ஆசிக் எந்திரத்துக்கு முன்பணம் வாங்கத் தொடங்கியது. டெலிவரி தள்ளித் தள்ளிப் போனது. 2014 செப்டம்பரில் அந்நாட்டு வணிக ஆணையம் நீதிமன்றம் போனது. வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய எந்திரத்தில் நிறுவனமே மைனிங் செய்துகொண்டது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. ஹாஷ்ஃபாஸ்ட், காயின்டெர்ரா இரண்டும் திவாலாயின. சுவீடனின் கேஎன்சிமைனர் 2016 மே மாதத்தில், பாதியாக்கத்துக்குச் சில வாரம் முன்பு, திவாலை அறிவித்தது. இதில் தாமதத்தின் விலையைப் பாருங்கள்: 2013 தொடக்கத்தில் சுமார் 30 லட்சமாக இருந்த பிட்காயின் நெட்வொர்க்கின் டிஃபிகல்டி அதே ஆண்டு முடிவில் 118 கோடி. ஜனவரியில் வர வேண்டிய எந்திரம் டிசம்பரில் வந்தால், பெட்டியில் இருப்பது அதே இரும்பு. அது ஈட்டும் பிட்காயின் நானூறில் ஒரு பங்கு. இன்று ஏற்றம் அவ்வளவு வெறித்தனமாக இல்லை. ஆனாலும் 2,016 பிளாக்குக்கு ஒருமுறை, ஏறத்தாழ இரு வாரத்துக்கு ஒருமுறை, கணக்கு மாறிக்கொண்டேதான் இருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்திலோ "தவிர்க்க முடியாத காரணங்களால் தேதி மாறலாம்" என்ற ஒரே வரி. யுஎஸ்டிடி அனுப்பினால் வங்கியில் போய்த் திருப்பிக் கேட்கவும் வழியில்லை.

அரசும் தன் பங்குக்குக் குறை வைக்கவில்லை. லாபத்தில் 30 விழுக்காடு வரி. மைனிங் எந்திரத்துக்குக் கொட்டிய பணத்தை அடக்கவிலையாகக் கழிக்க முடியாது என்று 2022 மார்ச்சிலேயே நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டார்கள். நட்டத்தை வேறு வரவோடு ஈடுகட்டவும் கூடாது. டில்லிக்கு வரி, மின்வாரியத்துக்குப் பில், உங்களுக்கு முன்பணம், வாங்குபவருக்கு விசிறிச் சத்தம். சரி, வரிக்கு நீங்கள் என்ன செய்வீர்கள். அந்த மடலை வேறு விலாசத்துக்கு எழுத வேண்டும்.

உங்களிடம் கேட்பது உங்களால் முடிந்ததைத்தான். நான்காவது வரியை அழைப்பிலிருந்து நீக்குங்கள். பெட்டி எங்கள் தேர்வு, மீட்டர் எங்களுடையது, 72 மணி நேரம், முன்பணம் நடுவரிடம். 25 டிகிரி நாளில் சுவரில் அளந்து 16.75 ஜூலுக்குள் வந்தால் நட்சத்திரக் குறியை மன்னித்துவிட்டு மறுநாளே ஒப்பந்தத்தில் கையெழுத்து. தேதி தவறினால் கட்டிய தொகை முழுதும் முப்பது நாளில் திரும்பும் என்றும், செத்த போர்டை இங்கேயே பழுதுபார்க்கச் சோதனைக் கருவியும் உதிரி சிப்பும் வைத்திருப்பீர்கள் என்றும் இரண்டு வரி சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. படிவத்தின் ஏழு நாள் கெடு முடிவதற்குள், தொலைபேசியில் அல்லாமல் எழுத்தில், பதில் தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
படிவத்தை நிரப்பாமல் வைத்திருக்கும் வாங்குவோர்

பி.கு.: உங்கள் அரங்கின் சாக்கெட் பற்றித் தெரியாததால் எக்ஸ்டென்ஷனையும் நாங்களே கொண்டுவருகிறோம். 4 சதுர மில்லிமீட்டர் வயர்தான்.