கியர்பாக்ஸ் சூட்டை எங்கே அளப்பது? நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் நலம். பெரியவள் வண்டி ஓட்டப் பழகிவிட்டாள். கல்லும் மண்ணுமான பாதை என்றால் இப்போதே கண்ணில் ஒரு வெளிச்சம் வருகிறது. எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக வாங்கிய ஆட்டோமேட்டிக் ஃபோர் வீல் டிரைவுக்கு கியர்பாக்ஸ் வெப்ப மீட்டர் போடலாம் என்றிருக்கிறாய், எந்த மீட்டர் நல்லது என்று கேட்டிருந்தாய். மீட்டரை அப்புறம் பார்ப்போம். சென்சாரை எங்கே வைக்கப்போகிறாய் என்பதை முதலில் முடிவு செய். முள் காட்டும் எண்ணுக்கு அர்த்தம் அந்த இடத்தைப் பொறுத்துத்தான் வருகிறது.

சூடு பெரும்பாலும் பிறப்பது, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில். எஞ்சின் பக்கம் ஒரு வேகத்தில் சுற்றுகிறது, கியர்பாக்ஸ் பக்கம் வேறு வேகத்தில் சுற்றுகிறது. நடுவில் இருக்கும் எண்ணெய் அந்த வித்தியாசத்தை முழுக்கச் சூடாக வாங்கிக்கொள்கிறது. நெடுஞ்சாலையில் கன்வெர்ட்டர் லாக் ஆகிவிடும், இரண்டு பக்கமும் ஒன்றாகச் சுற்றும், சூடு குறைவு. மணலிலோ செங்குத்தான ஏற்றத்திலோ ஊர்ந்து போகும்போது லாக் விழாது. வண்டி மெதுவாகப் போவதால், கியர்பாக்ஸ் எண்ணெயை ஆற்றும் கூலருக்குக் காற்றும் போதாது. அந்த நேரத்தில் எஞ்சின் வெப்ப முள் நடுவில் சாதுவாக நிற்கும், கியர்பாக்ஸ் எண்ணெயோ வெந்துகொண்டிருக்கும். எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே என்று நினைக்காதே. பல வண்டிகளில் அந்த விளக்கு எரியும்போது எண்ணெய் ஏற்கெனவே கெட ஆரம்பித்திருக்கும்.

ஓட்டை போடுவதற்கு முன்னால் ஒன்றைச் சரிபார்த்துவிடு. ஓரளவு புதிய வண்டி என்றால் கியர்பாக்ஸுக்குள் கம்பெனியே ஒரு வெப்ப சென்சார் வைத்திருக்கும். வண்டியின் கோளாறுகளைப் படிக்க வைத்திருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு ரீடரைச் செருகினால் அந்த எண் கிடைக்கலாம். அது கிடைத்து, ஓட்டும்போதே கண்ணில் படுகிற மாதிரி காட்டவும் முடிந்தால், மேற்கொண்டு எதையும் அறுக்கவோ துளைக்கவோ வேண்டியதில்லை.

கிடைக்காவிட்டால் சென்சாருக்கு மூன்று இடம் உண்டு. கியர்பாக்ஸிலிருந்து கூலருக்குப் போகும் குழாய் ஒன்று. கன்வெர்ட்டரிலிருந்து வரும் எண்ணெய் பொதுவாக நேராக அதில்தான் போகும், இருப்பதிலேயே சூடான இடம் அதுதான். ஏற்றத்தில் காலை அழுத்தினால் சில நொடிகளில் முள் எகிறும், விட்டால் அதே வேகத்தில் இறங்கும். கூலரிலிருந்து திரும்பி வரும் குழாயில் வைத்தால் கூலர் வேலை செய்கிறதா என்பது மட்டும் தெரியும், கியர்பாக்ஸ் என்ன பாடு படுகிறது என்பது தெரியாது. அடுத்தது சம்ப், அதாவது கியர்பாக்ஸின் அடியில் எண்ணெய் தேங்கும் தட்டு. பம்ப் உறிஞ்சி கிளட்ச்சுகளுக்கும் வால்வுகளுக்கும் அனுப்பப்போகும் எண்ணெய் அங்கேதான் இருக்கிறது. முள் மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும்.

நான் சம்ப்பைத்தான் சொல்வேன். வெளியேறும் குழாயில் ஒரு நிமிடம் 130 டிகிரி செல்சியஸ் வந்து போவதும், சம்ப்பில் 130 நிற்பதும் ஒன்றல்ல. முதலாவது, ஏற்றம் கடினமாக இருந்தது என்று சொல்கிறது. இரண்டாவது, இருக்கும் எண்ணெய் முழுவதுமே ஆபத்தில் இருக்கிறது, வண்டியை நிறுத்து என்று சொல்கிறது. கியர்பாக்ஸின் ஆயுளைப் பார்க்க எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். மணல்மேட்டிலேயே பொழுதைக் கழிப்பவர்கள் சீக்கிரம் எச்சரிக்கை வேண்டும் என்று குழாயைத் தேர்ந்தெடுப்பார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது.

சம்ப் என்றதும் எண்ணெய் வடிக்கும் ட்ரெயின் போல்ட்டை எடுத்துவிட்டு, துளையுள்ள போல்ட்டைப் போட்டு, அதில் சென்சாரைத் திருகிவிடச் சிலர் சொல்வார்கள். சாலை வண்டிக்கு அது சரி. பாறைமேல் ஏறும் வண்டியில் சம்ப்பின் அடியில் தொங்கும் சென்சார்தான் முதல் கல்லை வாங்கும். சம்ப்பின் பக்கச் சுவரில், அடி விளிம்புக்கு மேலே, எண்ணெய் மட்டத்துக்குக் கீழே, சைலன்சர் குழாய்க்கு எதிர்ப்பக்கமாக ஓர் இடம் பார். உள்ளே ஃபில்டரும் வால்வு பாடியும் இருக்கும், சென்சார் மூக்கு அவற்றில் இடிக்கக் கூடாது. இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. நினைத்த இடத்தில் உள்பக்கமாக ஓர் உருண்டை களிமண்ணை ஒட்டி, சம்ப்பை ஒரு தடவை மாட்டி, கழற்றிப் பார். களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறதோ அதை வைத்து எவ்வளவு இடைவெளி என்று தெரிந்துவிடும். அப்புறம் களிமண்ணைத் துளிகூட விடாமல் துடைத்துவிடு.

அந்த இடத்தில் துளை போட்டு, சென்சாரைத் திருக மரை போட்ட வளையத்தை வெல்டிங் செய்யும்போது சம்ப் கழற்றியதாக, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவியதாக இருக்க வேண்டும். மெல்லிய தகடு சூட்டில் வளையும். வேலை முடிந்ததும் கேஸ்கெட் உட்காரும் விளிம்பின் மேல் ஒரு நேர்கோலை வைத்துப் பார். கோலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால் விளிம்பைத் தட்டி நேராக்காமல் மாட்டாதே. வெல்டிங்கின் உள்பக்கம் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துவிட்டு, வெளிப்பக்கம் ஈரம் கசிகிறதா என்றும் பார். உள்ளே இருக்கும் காந்தத்தில் மெல்லிய சாம்பல்நிறத் தூள் இருப்பது வழக்கம்தான், துடைத்து வை. சிலும்பு சிலும்பாக உலோகம் ஒட்டியிருந்தால் மீட்டரை விட்டுவிட்டு முதலில் கியர்பாக்ஸைக் காட்ட வேண்டும்.

மீட்டரும் சென்சாரும் ஒரே செட்டாக வாங்கு. சென்சாரின் மின்தடை மீட்டரின் கணக்கோடு பொருந்தாவிட்டால் முள் காட்டுவது வெறும் படம்தான். மாட்டும் முன் இரண்டையும் வெளியே இணைத்து, சென்சார் முனையைக் கொதிக்கும் தண்ணீரில் பிடித்து, முள் 100 பக்கம் வந்து நிற்கிறதா என்று பார்த்துவிடு.

ஒற்றை வயர் சென்சாருக்கு எர்த் கிடைப்பது மரை வழியாகத்தான். கசியக் கூடாதே என்று டெஃப்லான் டேப்பை நிறையச் சுற்றினால் அந்த எர்த் கெட்டுப்போகும். பெரும்பாலான சென்சார்களில் சூடு ஏற ஏறத் தடை குறையும். ஆகவே எர்த் சரியில்லாததால் கூடும் தடையை மீட்டர் 'எண்ணெய் குளிர்ச்சியாக இருக்கிறது' என்றே எடுத்துக்கொள்ளும். மீட்டரே இல்லாமல் ஓட்டுவதைவிட இது மோசம், ஏனென்றால் நீ முள்ளை நம்பிக்கொண்டிருப்பாய். மற்ற வயரிங் உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இக்னிஷன் லைனில் சிறிய ஃபியூஸ், ஃபயர்வாலில் ரப்பர் கிராமெட், எஞ்சின் ஆடும்போது இழுபடாத அளவுக்கு வயரில் தளர்வு, அவ்வளவுதான்.

போட்டு முடித்ததும் முதலில் சமதளச் சாலையில் நன்றாக ஓட்டி உன் வண்டியின் வழக்கமான எண் எது என்று பார்த்து வைத்துக்கொள். பொதுவாகச் சம்ப்பில் 80 முதல் 95 வரை நல்ல நிலை. 110 தாண்டினால் லோ ரேஞ்சுக்கு, அதாவது ஃபோர் வீல் டிரைவில் மெதுவாக, கூடுதல் இழுவையோடு போக இருக்கும் கியர் அமைப்புக்கு மாறு. ஹை ரேஞ்சில் தவழ்ந்து போவதைவிட லோ ரேஞ்சில் கன்வெர்ட்டருக்குப் பாரம் மிகவும் குறையும், முள்ளே அதை உனக்குக் காட்டும். 120-ஐத் தொட்டால் நிறுத்திவிடு. ஆனால் எஞ்சினை அணைக்காதே. அணைத்தால் பம்ப்பும் நிற்கும், சூடான எண்ணெய் இருந்த இடத்திலேயே கிடக்கும். கை பிரேக்கைப் போட்டு, நியூட்ரலில் 1500 ஆர்பிஎம் வாக்கில் ஓடவிட்டால் கூலர் வழியாக எண்ணெய் சுற்றி ஆறும். சில பழைய கியர்பாக்ஸ்களில் பார்க்கில் வைத்தால் கூலருக்கு எண்ணெய் போகாது, அதனால்தான் நியூட்ரல் என்கிறேன். 150 பக்கம் ஒரு தடவை போய் வந்த எண்ணெய் என்றால் யோசிக்காமல் மாற்று. சூடு சுமார் 10 டிகிரி கூடும்போதெல்லாம் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு.

கூடுதல் கூலர் போடலாமா என்றும் கேட்டிருந்தாய். மீட்டரைப் போட்டு, நீ வழக்கமாகப் போகும் பாதைகளில் ஓட்டிவிட்டு முடிவு செய். எண் 100-க்குள்ளேயே நின்றால் அந்தச் செலவு தேவையில்லை.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். சம்ப்பைக் கழற்றியதும் உள்பக்கத்தையும், மேலே ஃபில்டர் இருக்கும் இடத்தையும் படம் எடுத்து அனுப்பு. கியர்பாக்ஸ் மாடல் எண்ணையும் சேர்த்து எழுது. வெல்டிங்குக்குக் கொடுக்கும் முன் துளை எங்கே என்று இரண்டு பேருமாகப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
ரவி