புளூ-ரேயைத் தேர்ந்தெடுத்தவர்கள் வாடிக்கையாளர்கள் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் படம் பார்க்கும் கருவிகளின் வரலாற்றைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை முழுவதும் படித்தேன். வீடியோ கேசட்டில் தொடங்கி இன்றைய இணையவழித் திரையிடல் வரை பல செய்திகளைச் சுருக்கமாகத் தந்திருந்த கட்டுரையாளரின் உழைப்பு பாராட்டத்தக்கது. ஆனால் டிவிடிக்குப் பின் உயர்தெளிவுப் படங்களுக்காக வந்த இரு வட்டு முறைகளான புளூ-ரேக்கும் எச்.டி. டிவிடிக்கும் இடையே 2006 முதல் 2008 வரை நடந்த போட்டியைக் குறிப்பிடும் பத்தியில், எச்.டி. டிவிடி பழைய சிவப்பு லேசரை நம்பியது என்றும், அதனால் சிறந்த தொழில்நுட்பமான புளூ-ரேயையே மக்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. முதல் செய்தி பிழையானது. இரண்டாவது, அந்நாளில் பணம் கொடுத்து ஏமாந்தவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை மறைத்துவிடுகிறது. பல ஆண்டுகள் மாணவர்களுக்கு ஒளியியல் கற்பித்தவன் என்ற முறையிலும், அந்தப் போட்டியை அன்றே கவனித்து வந்தவன் என்ற முறையிலும் இதை விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் லேசரைப் பற்றி. குறுந்தட்டைப் படிக்கும் ஒளியின் அலைநீளம் 780 நானோமீட்டர். டிவிடிக்கு 650 நானோமீட்டர், அது சிவப்பு. புளூ-ரே, எச்.டி. டிவிடி ஆகிய இரண்டுமே 405 நானோமீட்டர் நீல ஊதா ஒளியைத்தான் பயன்படுத்தின. 1990களில் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நகமுரா காலியம் நைட்ரைடு என்ற குறைக்கடத்தியைக் கொண்டு செய்த ஆய்வுகளால் கைகூடிய ஒளி அது. இரு தரப்பும் நின்றது அந்த ஒரே அடித்தளத்தின் மீதுதான். எச்.டி. டிவிடி படங்கள் சிவப்பு நிறப் பெட்டிகளிலும் புளூ-ரே படங்கள் நீல நிறப் பெட்டிகளிலும் விற்கப்பட்டதால் இந்தக் குழப்பம் தோன்றியிருக்கக்கூடும்.

வேறுபாடு லென்ஸில் இருந்தது. ஒரு லென்ஸ் எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியைக் குவிக்கிறது என்பதை எண்ணியல் துளை என்ற அளவால் குறிப்போம். அது பெரிதாக இருந்தால் குவியும் ஒளிப்புள்ளி சிறிதாகும்; புள்ளி சிறிதானால் வட்டில் தரவை நெருக்கமாகப் பதிக்கலாம். எச்.டி. டிவிடியில் அந்த எண் 0.65, புளூ-ரேயில் 0.85. பெரியதைச் சிறியதால் வகுத்து இருமடி காணுங்கள், ஏறத்தாழ 1.7 வரும். ஓர் அடுக்கு எச்.டி. டிவிடியில் 15 ஜி.பி.யும் ஓர் அடுக்கு புளூ-ரேயில் 25 ஜி.பி.யும் கொண்டதன் காரணம் பெரும்பாலும் இந்த எளிய கணக்குக்குள் அடங்கிவிடுகிறது. வகுப்பில் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டும்போது மாணவர்களின் முகம் மலர்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

எண்ணியல் துளையை உயர்த்துவதற்கு ஒரு விலை உண்டு. வட்டு சுழலும்போது சற்றே சாய்ந்தாலும் ஒளிப்புள்ளி சிதைகிறது. அந்தச் சிதைவு எண்ணியல் துளையின் முப்படிக்கும், தரவின் மேல் உள்ள ஒளிபுகும் படலத்தின் தடிமனுக்கும் ஏற்ப வளர்கிறது. ஆகவே புளூ-ரே பொறியாளர்கள் அந்தப் படலத்தை 0.1 மில்லிமீட்டராகக் குறைத்தார்கள். தரவு மேற்பரப்பை ஒட்டி வந்துவிட்டதால் சிறு கீறலும் ஆபத்தானது. 2003-இல் ஜப்பானில் வெளிவந்த முதல் புளூ-ரே பதிவுக்கருவிக்கான வட்டுகள் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்தே விற்கப்பட்டன. பின்னர் டி.டி.கே. நிறுவனம் உருவாக்கிய கடினப்பூச்சு வந்த பிறகுதான் அந்தக் கூட்டைக் கைவிட முடிந்தது. எச்.டி. டிவிடியை வடிவமைத்த தோஷிபாவும் என்.இ.சி.யும் டிவிடியில் இருந்த அதே 0.6 மில்லிமீட்டர் அமைப்பை வைத்துக்கொண்டன. கொள்ளளவு குறைந்தது, ஆனால் டிவிடி அச்சிட்டுக்கொண்டிருந்த ஆலைகள் சிறிய மாற்றங்களுடன் புதிய வட்டையும் அச்சிட முடிந்தது. இரண்டும் சிந்தித்து எடுத்த பொறியியல் முடிவுகள். ஒன்றை அறிவு என்றும் மற்றதை அறியாமை என்றும் பிரிப்பது முறையாகாது.

பார்ப்பவரின் கண்ணுக்கு வந்து சேர்ந்ததிலும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. இரண்டும் 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட படத்தைத் தந்தன, எம்பெக்-2, வி.சி.-1, எச்.264 என்ற அதே மூன்று சுருக்க முறைகளை ஏற்றன. மேலும், புளூ-ரேயில் உலகம் மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு மண்டலத்திற்கான வட்டு மற்றொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாதபடி தடுக்க வழி இருந்தது, எச்.டி. டிவிடியில் அந்தத் தடையே கிடையாது. இணைய இணைப்பும், ஓடும் படத்தின் மூலையில் இன்னொரு படத்தைக் காட்டும் வசதியும் எச்.டி. டிவிடி பிளேயர்களுக்குத் தொடக்கம் முதலே கட்டாயம். புளூ-ரேயிலோ அந்த இரட்டைப் பட வசதி 2007 இறுதியில் வந்த புதிய பிளேயர்களுக்குத்தான் கட்டாயமானது. இணைய இணைப்பு எல்லாப் பிளேயர்களுக்கும் கட்டாயமாக்கப்படவே இல்லை. எனவே வென்ற தரப்பின் கருவியை முதலில் வாங்கியவர்களிலும் பலர் அரைகுறைக் கருவியையே பெற்றார்கள். கொள்ளளவில் புளூ-ரே மேலானது என்பதை நான் மறுக்கவில்லை, இரண்டு அடுக்கு வட்டுகளில் 50 ஜி.பி. என்பது 30 ஜி.பி.யைவிடப் பெரிதுதான். அந்த மேன்மைதான் போட்டியைத் தீர்த்தது என்பதையே மறுக்கிறேன்.

தீர்த்தது எது என்பதைத் தேதிகளே சொல்கின்றன. எச்.டி. டிவிடி பிளேயர் 2006 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது விலை 499 டாலர். ஜூனில் வந்த சாம்சங்கின் முதல் புளூ-ரே பிளேயர் 999 டாலர். அதே ஆண்டு நவம்பரில் சோனி தன் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்குள்ளேயே புளூ-ரேயை வைத்து, 499, 599 டாலர்களுக்கு விற்றது. விளையாடுவதற்காக வாங்கியவர்களின் வீடுகளுக்கும் புளூ-ரே இவ்வாறு போய்ச் சேர்ந்தது. இதற்கிடையே பட நிறுவனங்கள் அணி பிரிந்து நின்றன. சோனி, டிஸ்னி, ஃபாக்ஸ் ஆகியவற்றின் படங்கள் புளூ-ரேயில் மட்டும். யுனிவர்சலின் படங்கள் எச்.டி. டிவிடியில் மட்டும், வார்னரும் பாரமவுண்டும் இரண்டிலும். ஒரு வீட்டில் இரண்டு பிளேயர்களை வாங்கி வைத்தாலன்றி விரும்பிய படங்களையெல்லாம் பார்க்க முடியாத நிலையைப் படைத்தவர்கள் வாடிக்கையாளர்கள் அல்லர்.

2007 ஆகஸ்டில் பாரமவுண்ட் புளூ-ரேயைக் கைவிட்டு எச்.டி. டிவிடி பக்கம் மட்டும் சென்றது. அதற்காக அந்நிறுவனத்துக்கும் டிரீம்வொர்க்ஸ் அனிமேஷனுக்கும் சேர்த்து ஏறத்தாழ 15 கோடி டாலர் மதிப்புள்ள சலுகைகள் தரப்பட்டதாக அப்போதே செய்தித்தாள்கள் எழுதின. நவம்பரில் அமெரிக்காவின் வால்மார்ட், தோஷிபா பிளேயரை நூறு டாலருக்கும் குறைவாக விற்றது. 2008 ஜனவரி 4 அன்று வார்னர், இனிப் புளூ-ரே மட்டுமே என்று அறிவித்தது. பிப்ரவரி 15 அன்று வால்மார்ட்டும் அதையே சொன்னது. பிப்ரவரி 19 அன்று தோஷிபா தன் எச்.டி. டிவிடி தொழிலை நிறுத்தியது. வார்னரின் அறிவிப்புக்கும் தோஷிபாவின் விலகலுக்கும் இடைப்பட்டவை 46 நாட்கள். அந்த 46 நாட்களில் வட்டின் கொள்ளளவு மாறவில்லை. படத்தின் தெளிவு மாறவில்லை. பார்ப்பவர்களின் விருப்பமும் ஒரே நாளில் தலைகீழாகிவிடவில்லை. மாறியது ஒரு பட நிறுவனத்தின் கையொப்பம். நவம்பர் மாதக் கூட்டத்தில் வரிசையில் நின்று பிளேயர் வாங்கியவர், நான்கு மாதம் கூட முடிவதற்குள் வாரிசற்றதோர் இயந்திரத்துக்கு உரிமையாளரானார்.

2007-இல் அமெரிக்காவில் எச்.டி. டிவிடி வட்டுகளைவிடப் புளூ-ரே வட்டுகளே ஏறக்குறைய இரு மடங்கு விற்றன என்று கட்டுரையாளர் மறுமொழி கூறலாம். அது உண்மை. ஆனால் அதிகப் படங்கள் எந்த முறையில் கிடைத்தனவோ அந்த முறையின் வட்டுகள் அதிகம் விற்றதில் வியப்பில்லை. அன்றைய டிவிடி விற்பனையோடு ஒப்பிட்டால் இரு முறைகளின் விற்பனையும் மிகச் சிறியது. பெரும்பாலான குடும்பங்கள் செய்தது ஒன்றுதான்: எது நிலைக்கும் என்று தெரியாததால் எதையும் வாங்காமல் காத்திருந்தன. மக்களின் தீர்ப்பு என்று ஒன்று இருந்தால், அந்தக் காத்திருப்பையே அப்படிச் சொல்ல வேண்டும்.

இதைத் தவிர்த்திருக்கவே முடியாது என்று எண்ணிவிடக் கூடாது. அந்தப் போட்டிக்குப் பத்தாண்டுகளுக்கு முன் அதே நிறுவனங்கள் தவிர்த்துக் காட்டியிருக்கின்றன. 1995-இல் பிலிப்ஸும் சோனியும் மல்டிமீடியா சிடி என்ற முறையையும், தோஷிபாவும் டைம் வார்னரும் அவற்றின் கூட்டாளிகளும் சூப்பர் டென்சிட்டி என்ற முறையையும் முன்வைத்தன. ஐ.பி.எம். உள்ளிட்ட கணினி நிறுவனங்கள் ஒன்றுகூடி, ஒரே முறையாக வராவிட்டால் எதையும் ஏற்க மாட்டோம் என்று உறுதியாக நின்றன. தோஷிபா தரப்பிலிருந்து இரு மெல்லிய தகடுகளை ஒட்டிய வட்டின் அமைப்பும், மறுதரப்பிலிருந்து பிலிப்ஸ் பொறியாளர் கீஸ் இமிங்க் உருவாக்கிய, தரவை வட்டில் பதிப்பதற்கான குறியீட்டு முறையும் எடுத்துக்கொள்ளப்பட்டு டிவிடி பிறந்தது. 1996-இல் ஜப்பானில் விற்பனை தொடங்கியபோது, வாங்கியவர்கள் எந்தத் தரப்பு தோற்கும் என்று கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை.

2005-இலும் இரு தரப்பும் பேசின. 0.1 மில்லிமீட்டரா, 0.6 மில்லிமீட்டரா என்ற இடத்தில் பேச்சு முறிந்தது. இம்முறை நடுவராக நின்று வற்புறுத்த யாரும் இல்லை. ஏனெனில் கணினி நிறுவனங்களே பிரிந்துவிட்டன. டெல்லும் ஆப்பிளும் புளூ-ரே அணியில் இருந்தன. மைக்ரோசாஃப்டும் இன்டெலும் அந்த ஆண்டே எச்.டி. டிவிடியை ஆதரித்தன. 1995-இல் கணினி நிறுவனங்கள் சுமந்த பொறுப்பு 2006-இல் கடையில் நின்ற குடும்பத்தலைவரின் தலையில் இறங்கியது. இரண்டையும் இயக்கும் பிளேயரை எல்.ஜி. 2007 தொடக்கத்தில் அறிமுகப்படுத்தியது உண்மைதான். அதன் விலை 1,199 டாலர். ஒரு பக்கம் புளூ-ரேயும் மறுபக்கம் எச்.டி. டிவிடியும் கொண்ட வட்டை வார்னர் அறிவித்தது. அது கடைக்கு வரவே இல்லை.

தோற்ற முறையை வாங்கியவர்களின் நிலையைக் கட்டுரை ஒரு சொல்லாலும் தொடவில்லை என்பதே எனக்கு மிகுந்த வருத்தம். புத்தகத்தைப் பதிப்பித்தவர் தொழிலை விட்டுவிட்டாலும் புத்தகத்தைப் படிக்கலாம். வட்டு அப்படியல்ல, அதைப் படிக்க ஒரு கருவி வேண்டும், அந்தக் கருவியின் லேசர் காலப்போக்கில் மங்கும், மாற்று உதிரிப்பாகம் தயாரிக்க ஆளில்லை. தோஷிபாவோ 2009-இல் புளூ-ரே சங்கத்தில் சேர்ந்து புளூ-ரே பிளேயர்களையே விற்கத் தொடங்கியது. நிறுவனத்துக்கு அக்கரைக்குச் செல்ல ஓடம் கிடைத்தது. அதை நம்பியவர்கள் இக்கரையிலேயே நின்றார்கள். ஒன்றிரண்டு நல்ல செயல்களையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பெஸ்ட் பை நிறுவனம் தன்னிடம் எச்.டி. டிவிடி பிளேயர் வாங்கியவர்களுக்கு 50 டாலர் மதிப்புள்ள பரிசு அட்டைகளை வழங்கியது. வார்னர் 2009-இல், எச்.டி. டிவிடி பெட்டியின் அட்டையை அனுப்பிச் சிறு தொகையும் செலுத்தினால் அதே படத்தைப் புளூ-ரேயில் மாற்றித் தரும் திட்டத்தை நடத்தியது. இவை போதுமானவையல்ல, ஆயினும் மனமிருந்தால் செய்ய முடியும் என்பதற்குச் சான்றுகள்.

இரு முறைகள் மோதும்போது, தங்கள் முறை கைவிடப்பட்டால் எத்தனை ஆண்டுகள் பழுதுபார்ப்பும் உதிரிப்பாகமும் கிடைக்கும், வாங்கிய படங்களை எவ்வாறு மாற்றிக்கொள்ளலாம் என்பதை விற்பனைக்கு முன்பே எழுத்தில் தருமாறு தயாரிப்பாளர்களைக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. அதைக் கேட்க அவருக்குக் கற்றுத்தரும் இடத்தில் நாளிதழ்கள் இருக்கின்றன. முறைகள் மோதாமலும் வாழலாம் என்பதற்கு 2016-இல் வந்த அடுத்த தலைமுறை வட்டான அல்ட்ரா எச்.டி. புளூ-ரேயே எடுத்துக்காட்டு. படத்தின் ஒளியையும் இருளையும் கூடுதல் நுணுக்கத்துடன் காட்டுவதற்கு எச்.டி.ஆர். 10, எச்.டி.ஆர். 10 பிளஸ், டால்பி விஷன் என்று வெவ்வேறு முறைகள் அதிலும் போட்டியிடுகின்றன. ஆனால் எச்.டி.ஆர். 10 என்பதைப் பொது அடிப்படையாக வைத்து, மற்றவற்றை விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதித்துவிட்டார்கள். பிளேயரில் டால்பி விஷன் இல்லையென்றாலும் வட்டு ஓடும், படம் தெரியும். தவறான பெட்டியை வாங்கிவிட்டோமே என்று யாரும் வருந்த வேண்டியதில்லை.

எச்.டி. டிவிடி பயன்படுத்தியது சிவப்பு லேசர் அன்று, 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர் என்ற திருத்தத்தை அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் இருந்தால், 2008 ஜனவரி 4, பிப்ரவரி 19 ஆகிய இரு தேதிகளையும் அதனுடன் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்