நம்ம சந்தைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

நம்ம பழைய சந்தையை இடித்துவிட்டுக் காம்ப்ளெக்ஸ் கட்டுகிற நகராட்சித் திட்டத்தைத் திருத்தித் தீர்மானம் நிறைவேறிவிட்டது. தரைக்கடைகளுக்குக் கீழ்த்தளத்திலேயே இடம், ஒரு பாதியை இடித்துக் கட்டி முடித்த பிறகுதான் மறுபாதியில் கை வைப்பது, அதுவரைக்கும் தற்காலிகக் கொட்டகை, எல்லாம் எழுத்தில் வந்துவிட்டது. நேற்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. சந்தோஷத்தில்தான். இந்த வேகம் அடங்குவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காம்ப்ளெக்ஸ் வேண்டும், வேண்டாம் என்று ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றது எல்லாருக்கும் தெரியும். அந்தப் போஸ்டர்கள், கடையடைப்பு, கல்யாண வீட்டில்கூட இந்தப் பக்கம் ஒரு பந்தி அந்தப் பக்கம் ஒரு பந்தி என்று உட்கார்ந்தது, எதையும் மறுபடி கிளற எனக்கு விருப்பமில்லை. நன்றியை மட்டும் சொல்கிறேன்.

முதல் நன்றி கொத்தனார் அண்ணனுக்கு. அவர் பேரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. நம்ம ஊர்க்காரர்கூட இல்லை அவர். தங்கச்சி வீட்டுச் சடங்குக்கு இலை வாங்க என் கடைக்கு வந்தவர். அன்றைக்கு என் இலைக்கட்டு மேல்தான் காம்ப்ளெக்ஸ் வரைபடம் விரிந்து கிடந்தது. கல்லூரிப் பிள்ளைகள் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டு வாங்கி வந்த நகல் அது. கையில் வந்துவிட்டதே தவிர, எங்களில் ஒருத்தருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. கோடும் கட்டமும், ஓரத்தில் 1200, 1500, 900 என்று எண்களும். ஒருத்தர் அது கடையின் சதுர அடி என்றார், இன்னொருத்தர் வாடகை என்றார். காம்ப்ளெக்ஸ் வேண்டும் என்கிறவர்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்று அதே தாளைக் காட்டி, எவ்வளவு விசாலமாக இருக்கிறது பாருங்கள் என்றார்கள். சத்தம் ஏறிக்கொண்டே போனது.

அந்த அண்ணன் இலைக்குக் காசு கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. தாளைத் திருப்பிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது மில்லிமீட்டர்மா. 1200ன்னா நாலடி. ஒங்க நடைபாதை நாலடி, மேடை அஞ்சடிக்கு நாலடி. தளமட்டம் 900 போட்டிருக்கான், மூணடி ஒசரம், ஆறு படி ஏறணும்" என்றார். எல்லாரும் வாயடைத்து நின்றோம். அப்புறம் அவர் சொன்னதுதான் எல்லாவற்றையும் மாற்றியது: "தாளப் பாத்து சண்ட போட்டா விடியுமா? தரையில போட்டுப் பாத்துருவோம். ஞாயித்துக்கெழம எனக்கு வேல இல்ல."

சும்மா பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தோம். ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் வருவதற்கு முன்னால் பழைய மாட்டுச்சந்தைத் திடலில் சைக்கிளோடு நிற்கிறார். கேரியரில் ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடி, முளைக்குச்சி, நூல்கண்டு, டேப், சுத்தியல். முதல் முளையை அடித்து நூலைக் கட்டி, மூணடி நாலடி அஞ்சடி பிடித்து, மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று மூலைமட்டம் பார்த்தார். அதற்குப் பிறகு நாங்கள் யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. பூக்கடை அக்கா நூலைப் பிடிக்க, சுமைதூக்கும் தம்பிகள் முளை அடிக்க, அவர் குனிந்து குனிந்து பொடியைத் தூவிக்கொண்டே போனார். வெயில் ஏறுவதற்குள் வரைபடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு மூலை, அதாவது முப்பது நாற்பது மேடைகளும் நடுவில் பாதைகளும், நிஜ அளவில் தரையில் வெள்ளையாகக் கிடந்தது.

"இப்ப அவங்கவங்க கடையப் போடுங்க" என்றார்.

போட்டோம். நான் ஒரு கட்டத்துக்குள் போய்த் தலைவாழை இலைக்கட்டைப் படுக்க வைத்து, மேலே ஈரச்சாக்கைப் போட்டேன். ஏடு தனியாக, நறுக்கு தனியாக வைத்தேன். எனக்கு உட்கார இடமில்லை. கோட்டுக்கு வெளியே பாதையில்தான் உட்கார முடிந்தது. இலைக்கட்டை நிறுத்தி வைத்தால் நுனி கிழிந்துவிடும், படுக்கத்தான் போட வேண்டும் என்று நான் பல மாதமாக வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன், யாருக்கும் விளங்கவில்லை. அன்றைக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மீன்கடை அக்காக்கள் அவர்கள் கட்டத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, இது எங்கே போகும் என்று கேட்டார்கள். வரைபடத்தில் அந்தப் பக்கம் வடிகாலே இல்லை. சுமைதூக்கும் தம்பிகள் இரண்டு பேர் ஆளுக்கு ஒரு வெங்காய மூட்டையோடு நாலடிப் பாதையில் எதிரெதிரே நடந்தார்கள். ஒருத்தர் பின்வாங்கினால்தான் மற்றவர் வர முடிந்தது.

இதைப் பார்க்க அந்தத் தரப்பும் வந்திருந்தது. நான் அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஜவுளிக்கடை அண்ணாச்சிதான் காம்ப்ளெக்ஸ் வேண்டும் என்று முதலில் கையெழுத்து வாங்கியவர். அவர் ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொத்தனார் அண்ணன் செங்கல்லை அடுக்கி ஆறு படி உயரம் காட்டியதும், அண்ணாச்சி தானாகவே ஒரு தக்காளிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தக் கல் மேல் ஏறினார். ஏறி இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டு, "படி சரிப்படாது. ஆனா மழையில சாக்கடைத் தண்ணி உள்ள வருதுன்னு நான் சொன்னது பொய்யா? வண்டி நிறுத்த எடமில்லன்னு சொன்னது பொய்யா? பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ்கூட இல்லன்னு ஒங்க ஆளுங்களே சொன்னாங்கல்ல?" என்று கேட்டார். ஒன்றும் பொய்யில்லை. அத்தனையும் உண்மை. இத்தனை நாளும் வேண்டும், வேண்டாம் என்ற இரண்டே பேச்சுத்தான் ஊரில் ஓடியது. எப்படி வேண்டும் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பேசினோம்.

சாய்வுப்பாதை போடலாமே என்று யாரோ கேட்டார்கள். அதற்கும் கொத்தனார் அண்ணன்தான் கணக்குச் சொன்னார். சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் சிரமமில்லாமல் ஏற வேண்டும் என்றால் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் விட வேண்டும், 3 அடிக்கு 36 அடி, வாசலில் அவ்வளவு இடம் ஏது? தளத்தை ஒன்றரை அடியாகக் குறைத்தால் 18 அடி போதும், சுற்றிலும் வடிகாலை ஒழுங்காக எடுத்தால் மழைத்தண்ணீர் அந்த உயரத்துக்கு வராது. இப்போது திருத்திய வரைபடத்தில் இருப்பது அவர் அன்றைக்குக் குச்சியால் மண்ணில் எழுதிய அந்த அளவுதான். அன்றைக்கு மாலையே இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரே மனுவாக எழுதினோம். அண்ணாச்சி கையெழுத்தும் மீன்கடை அக்கா கைநாட்டும் அடுத்தடுத்து இருக்கின்றன.

கூலி என்று கொஞ்சம் பணம் திரட்டிக் கொடுத்தோம், அண்ணன் தொடவே இல்லை. ஒரு டீயும் இரண்டு வடையும்தான் அவர் எங்களிடம் வாங்கிக்கொண்டது. சுண்ணாம்புப் பொடிக்குக்கூடக் காசு வாங்கவில்லை. அண்ணே, நீங்கள் இதைப் படிப்பீர்களோ, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது படித்துக் காட்டுவார்களோ தெரியாது. எங்களுக்கும் இந்தச் சந்தைக்கும் நீங்கள் யாரோ ஒருத்தர். உங்களுக்குக் கிடைக்கிற ஒரே ஓய்வு நாளை எங்களுக்குக் கொடுத்தீர்கள். உங்கள் வீட்டில் இனி என்ன விசேஷம் வந்தாலும் இலை என் கடையிலிருந்து வரும், காசு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது.

மற்றவர்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துத்தான் சொல்ல முடியும், யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். மனு எழுதிக் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகள். நகல் எடுத்த காசைக் கணக்கில் எழுதாமலேயே விட்ட ஜெராக்ஸ் கடைத் தம்பி. கூட்டத்துக்குப் பந்தல் போட்டுக் கொடுத்த சவுண்ட் சர்வீஸ்காரர். பக்கத்து மேசையிலிருந்து வந்து, எந்த மனுவை எந்தப் பிரிவில் கொடுத்தால் நகரும் என்று பொறுமையாகச் சொன்ன அந்த அலுவலர். கடையடைப்பு நாட்களில் அன்றாடம் சம்பாதிக்கிற எங்களில் பல பேர் வீட்டுக்கு அரிசி அனுப்பிய மளிகைக்கடைக்காரர்கள், பள்ளிவாசல் தெரு வாலிபர்கள், சர்ச் தெரு அக்காக்கள்.

வக்கீல் அம்மாவுக்குத் தனியாக இரண்டு வரி. 2014ஆம் வருடத்துத் தெரு வியாபாரிகள் சட்டம் என்று ஒன்று இருப்பதே எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவர் சொல்லித்தான் தெரியும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கிற வரைக்கும் யாரையும் எழுப்பக் கூடாது, தெரு வியாபார விஷயங்களைக் கவனிக்கிற நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், 50 வருடத்துக்கு மேல் வியாபாரம் நடந்து வரும், தானாக உருவான சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருந்து வியாபாரிகளை மாற்றக் கூடாது, இப்படி ஒவ்வொன்றாக எங்களுக்குப் புரிகிற பேச்சில் சொன்னார். அந்த 50 வருடத்தை எப்படி நிரூபிப்பது என்று திகைத்து நின்றபோது, வீட்டுப் பரணிலிருந்தும் டிரங்குப் பெட்டியிலிருந்தும் அம்மா, பாட்டி காலத்துச் சுங்க ரசீதுகளைத் தேடி எடுத்து வந்தீர்களே, உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. கரையான் அரித்த ரசீதுகூட மேசைக்குப் போய்ச் சாட்சி சொன்னது.

எனக்கு இப்போது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. சந்தை கட்டுவதே தப்பு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. 1999இல் மதுரை அண்ணாநகரில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். கடைக்கு வாடகை கிடையாது, தராசையும் அங்கேயே கொடுத்தார்கள், அடையாள அட்டை வைத்திருக்கிற விவசாயிதான் உட்காரலாம். உட்காரப்போகிறவர் யார் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகுதான் கூரை போட்டார்கள். சென்னை பாண்டி பஜாரில் நடைபாதை வியாபாரிகளுக்கு மாடிக் கட்டடம் கட்டிக் கொடுத்தபோது, மேலே வாடிக்கையாளர் ஏறி வருவதில்லை என்று அங்குள்ளவர்கள் வருத்தப்பட்டதும் நமக்குத் தெரியும். கறிவேப்பிலை வாங்க யார் மாடி ஏறுவார்கள்? நம்ம ஊரிலும் அதுதான் நடந்திருக்கும். வரைந்தவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன், கூடையோடு நடக்கிறவரை அவர் பார்த்திருக்கவில்லை, அவ்வளவுதான். அவருக்குக் காட்டியிருக்க வேண்டியது யார் என்று கேட்டால், நகராட்சிக்கும் அதில் பங்கு உண்டு, இங்கே வாங்குகிற விற்கிற எல்லாருக்கும் பங்கு உண்டு. கிராமசபை மாதிரி நகரத்துக்கும் பகுதி சபை என்று வந்திருக்கிறது, 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று கூட்டமும் போட்டார்கள். நம்ம வார்டில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

நான் இனி விடுவதாக இல்லை. பகுதி சபை எப்போது கூடினாலும் கடையைச் சாத்திவிட்டுப் போவேன், முகூர்த்த நாளாக இருந்தாலும் சரி. விற்பனைக் குழுத் தேர்தலை நடத்துங்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். கொட்டகைக்குப் போகிற ஒவ்வொரு தரைக்கடையும் புதுக் கட்டடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்கிற வரைக்கும் என்னிடம் ஒரு நோட்டு இருக்கும், பெயர், என்ன வியாபாரம், எத்தனை அடி இடம் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஏலத்தில் யார் பேரிலாவது கடையை எடுத்துக் கைமாற்றி விடுகிற வேலை நடந்தால் அந்த நோட்டோடு வந்து நிற்பேன். ஜவுளிக்கடை அண்ணாச்சியும் ஒரு பிரதி கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். வண்டி நிறுத்துமிடத்தையும் கழிப்பறையையும் நான் மறந்துவிடக் கூடாது என்பது அவர் கணக்கு. மறக்க மாட்டேன் அண்ணாச்சி.

ஒரு வேண்டுகோள். நோட்டில் சிலர் பெயர் விட்டுப்போயிருக்கிறது. குறிப்பாக வாரத்துக்கு ஒருநாள் மட்டும் வந்து கீரை, கிழங்கு, மண்பானை விற்கிறவர்கள். தினம் இல்லை என்பதற்காக நீங்கள் வியாபாரி இல்லை என்று ஆகிவிடாது. ஆதார் அட்டை நகலும், பழைய சுங்க ரசீது ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, காலை வியாபாரம் ஓய்ந்ததும் வடக்கு வாசல் இலைக்கடைக்கு வாருங்கள். ரசீது இல்லாவிட்டாலும் வாருங்கள், பக்கத்துக் கடைக்காரர் இரண்டு பேரைக் கூட்டி வந்தால் போதும், எழுதிக்கொள்ளலாம்.